ரெஜினா அக்கா சொன்ன படம்

ரெஜினா அக்காவின் மகள் டிலானி அழைத்தபோது நான் மொன்றியலுக்குப் பக்கத்தில், புரோசார்ட்டில் எங்கள் வீட்டு வாசலில் பனி அள்ளிக்கொண்டிருந்தேன். கையுறையைக் கழற்றிக் கைபேசியை எடுப்பதற்குள் மணி நின்றுவிட்டது. உடனே மறுபடி அடித்தது. "அன்ரி, அம்மா காலமை போயிட்டா" என்றாள். இப்படி ஒரு செய்தி வரும் என்று இரண்டு மாதமாகவே எனக்குத் தெரியும். "தனியவோ நிக்கிறாய்?" என்று மட்டும் கேட்டேன். "இல்லை அன்ரி, அம்மாவோடைதான் நிக்கிறன்" என்றாள்.

முப்பத்தோராம் நாளுக்கு ஒரு சிறு நினைவு மலர் அச்சிடுகிறோம், நீங்கள்தான் எழுத வேண்டும் என்று பிறகு கேட்டாள். "நல்லவா, வல்லவா எண்டு எழுத வேண்டாம். அம்மா சிரிப்பா." அது எனக்கும் தெரியும். அதனால் பார்க் எக்ஸ்டென்ஷன் தேவாலயத்தின் கீழ் மண்டபத்தில் ரெஜினா அக்காவைக் கண்டு பழகிய உங்களுக்கு, உங்களுக்குத் தெரிந்ததில் கொஞ்சமும் தெரியாததில் கொஞ்சமும் எழுதுகிறேன்.

நான் அவரைச் சந்தித்தது தேவாலயத்தில் அல்ல. நான் சைவ சமயக்காரி. ஹோட்டல்களின் துணியை வெளுத்து அனுப்பும் ஒரு தொழிற்சாலையில் நாங்கள் இருவரும் மடிக்கிற மேசையில் வேலை செய்தோம். பெரிய படுக்கைவிரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கொரு முனையைப் பிடித்து உதறி, நடந்து வந்து, கைக்குக் கை முனையைக் கொடுத்து, திரும்பப் பின்னால் போக வேண்டும். முதல் நாளே நான் முனையை நழுவவிட்டேன். "என்ன வசந்தி, குழந்தைக்குப் போர்வை போத்துறீரோ? இழுத்துப் பிடியும். நான் ஒண்டும் விழமாட்டன்" என்றார். அவர் பிடித்து இழுத்த இழுப்பில் நான்தான் விழப் பார்த்தேன்.

ஒரு நாளைக்கு நூறு தடவை முகத்துக்கு முகம் வந்து பிரிகிற இரண்டு பேரால் கதைக்காமல் இருக்க முடியாது. யாழ்ப்பாணத்துப் பாசையூரில் பிறந்தது, கன்னியாஸ்திரிகளிடம் ஆங்கிலம் படித்தது, போரில் கணவரை இழந்தது, ஐந்து வயது டிலானியின் கையைப் பிடித்துக்கொண்டு இந்தக் குளிரில் வந்து இறங்கியது எல்லாம் எனக்கு மேசையிலேயே வந்து சேர்ந்தன. டிலானி பாமசிக்குப் படிக்கப்போகிறாள் என்பதும் அப்படித்தான் வந்தது. எனக்கு மட்டுமல்ல, தேவாலயத்துச் சனம் முழுவதற்கும் அது தெரியும். சிலர் தங்கள் மருந்துச் சீட்டைக்கூட அந்தப் பிள்ளையிடம் காட்டத் தொடங்கியிருந்தார்கள்.

சேஜெப் கல்லூரி முடித்த கையோடு டிலானி கியூபெக் நகரில் நாடகம் படிக்கப் போகிறேன் என்றாள். தாய்க்கு அவள் விண்ணப்பித்ததும் தெரியாது, நேர்முகத்துக்குப் போனதும் தெரியாது. இடம் கிடைத்த கடிதத்தைத்தான் காட்டினாள். வீட்டில் மூன்று வாரம் சண்டை. அவள் போன நாள் காலையிலும் ரெஜினா அக்கா வேலைக்கு வந்திருந்தார். பஸ் பத்து மணிக்கு. நான் சொன்னேன், "அக்கா, இப்பவே போனால் பிடிக்கலாம். மேற்பார்வையாளருக்கு நான் சொல்லுறன்." அவர் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். "எனக்கு ஏன் பஸ் நேரம்? தேத்தண்ணிக்கு இன்னும் எவ்வளவு கிடக்கெண்டு பாத்தனான்" என்றார். பத்து மணி அடித்தது. அன்று அவர் மடித்த விரிப்பெல்லாம் கோணல். நான் ஒவ்வொன்றாக எடுத்துத் திரும்ப மடித்தேன்.

அந்த வருடம் டிசம்பரில், நத்தார்ப் பண்டிகைக்கு முந்திய ஞாயிறுதான் அந்தப் படம் முதல்முறை போட்டது. பூசை முடிந்து, சாப்பாடு முடிந்து, கீழ் மண்டபத்தில் ஒரு குடும்பப் படம் போடுவது உங்கள் வழக்கம். நானும் போவேன். மீன் கட்லட்டுக்கும் படத்துக்கும் நான் சமயம் பார்ப்பதில்லை. வழக்கமாகப் படம் கொண்டுவருகிறவர் அன்று வரவில்லை. பழைய சாமான் பெட்டியில் கிடந்த ஒரு டி.வி.டி.யை யாரோ எடுத்து வந்தார்கள். கறுப்பு வெள்ளை ஹொலிவுட் படம், கீழே பிரெஞ்சில் எழுத்து. பிள்ளைகளுக்கு இரண்டும் விளங்கும். பெரியவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு ஒன்றும் விளங்காது. "ரெஜினா, உமக்கு இங்கிலீஸ் தெரியுந்தானே, மைக்கைப் பிடியும்" என்று தள்ளிவிட்டார்கள். அப்படித்தான் தொடங்கியது.

படம் உங்களுக்கு மனப்பாடம். ஒரு சின்ன ஊர், ஐந்து பிள்ளைகள் உள்ள வீடு, நத்தார் விருந்துக்கு வருகிற தகப்பனின் முதலாளி. இரண்டாவது மகளின் ஏப்ரன் பையில் ஒரு கடிதம் இருக்கிறது. அதைத் தகப்பனிடம் கொடுக்க வேண்டும். கொடுக்கப் போகும்போதெல்லாம் ஏதாவது நடந்துவிடும். மேல்மாடிக் குளியல்தொட்டி நிரம்பி முதலாளியின் மொட்டைத் தலையில் ஒழுகும். நாய் வான்கோழியை முழுசாகத் தூக்கிக்கொண்டு ஓடும். கூப்பிடாத மாமி ஒருத்தி ஏழு பெட்டியோடு வந்து இறங்குவாள். மகளாக நடித்த பெண் அப்போதுதான் நடிப்பில் மேலே வந்துகொண்டிருந்தவள் போலும். டி.வி.டி. உறையில் தகப்பனாக நடித்தவரின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. அவளுடையது ஐந்தாவதாக, பொடி எழுத்தில். ஆனால் கடிதத்தைப் பையில் திரும்ப வைத்துக்கொண்டு அவள் ஒரு பெருமூச்சு விடுவாள் பாருங்கள், அந்த மண்டபமே அவளோடு சேர்ந்து பெருமூச்சு விட்டது. தகப்பனை யாரும் கவனிக்கவில்லை.

ரெஜினா அக்கா மொழிபெயர்க்கவில்லை, கதை சொன்னார். "வந்திருக்கிறது தகப்பன்ரை தமக்கை. தொப்பியைப் பாத்தாலே தெரியுது, சீதனத்திலை குறை பிடிக்க வந்தவ." "தாய் இப்ப என்ன சொல்லுறா எண்டால், இந்த மனுசனைக் கட்டின நாளிலை இருந்து எனக்கு ஒரு நத்தாரும் நிம்மதியில்லை எண்டு." பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிள்ளைகள் வேறு இடத்தில் சிரித்தார்கள். ஒரே மண்டபத்தில் இரண்டு படம் ஓடியது, இரண்டுமே நன்றாக ஓடின.

கடிதம் வந்த இடத்தில் மட்டும் அவர் குரல் கொஞ்சம் மாறியது. "இது பேச்சுக்கால் கடிதம். மாப்பிள்ளை பகுதி பட்டணத்திலை இருந்து எழுதியிருக்கினம். தகப்பனுக்குச் சொல்லப் பிள்ளைக்குப் பயம்." உடனே முன்வரிசையில் இருந்த சூசையம்மா, "மாப்பிள்ளைக்கு என்ன வேலையாம்?" என்று கேட்டார். "அது பிறகு வரும்" என்றார் அக்கா. கடைசியில் அந்தப் பெண் குசினி அடுப்படியில் கடிதத்தைக் கொடுக்கிறாள், தகப்பன் வாசித்துவிட்டு அவளைக் கட்டிப்பிடிக்கிறார். "தகப்பன் ஓம் எண்டிட்டார். சுபம். தேத்தண்ணிக்கு வாங்கோ" என்று ரெஜினா அக்கா படத்தை நிறுத்தினார். எல்லோரும் எழுந்தோம். மாப்பிள்ளை வராமலே படம் முடிந்துவிட்டதே என்று சூசையம்மாவுக்கு மட்டும் மனக்குறை.

அடுத்த வருடமும் அதே படத்தைக் கேட்டீர்கள். அதற்கு அடுத்த வருடமும். "இந்த முறையாவது மாப்பிள்ளையைக் காட்டுவினமோ?" என்று கேட்டுக்கொண்டே சூசையம்மா முன்வரிசையில் இடம் பிடிப்பார். ரெஜினா அக்கா அதே குசினியில், அதே கட்டிப்பிடிப்பில் நிறுத்துவார். பெரியவர்கள் யாருக்கும் சந்தேகம் வரவில்லை; பிள்ளைகளிடம் யாரும் கேட்கவும் இல்லை. கடைசிக் காட்சியில் எல்லோரும் கட்டிப்பிடித்துக்கொண்டால் படம் முடிந்தது என்றுதான் நாங்கள் வளர்ந்தோம்.

அந்த வருடங்களில் தாய்க்கும் மகளுக்கும் நடுவில் நான்தான் தபால்காரி. ஞாயிற்றுக்கிழமைகளில் டிலானி தாயை அழைப்பாள். சாப்பிட்டியா, சாப்பிட்டன், குளிரோ, குளிர்தான். அத்துடன் சரி. பிறகு என்னை அழைத்து, "அம்மா பிறசர் குளிசை போடுறாவோ?" என்று கேட்பாள். திங்கட்கிழமை மேசையில் அக்கா விரிப்பை உதறிக்கொண்டே, "அவள் என்னவாம்?" என்பார். நான் சொன்னால், "நான் கேக்கேல்லை. நீர் சொல்லுறீர், நான் கேட்டுக்கொண்டு நிக்கிறன்" என்பார். எனக்குச் சில நாட்களில் இரண்டு பேரையும் பிடித்து நன்றாக உலுப்ப வேண்டும் போலிருக்கும்.

நான்காம் வருடம் எனக்கு முழங்காலில் சத்திரசிகிச்சை. வீட்டில் காலை நீட்டிக்கொண்டு கிடந்தபோது பொழுது போகட்டும் என்று ரெஜினா அக்காவே அந்த டி.வி.டி.யைக் கொடுத்தனுப்பினார். கொடுத்தபோது அவருக்கு ஏன் தோன்றவில்லை என்று இன்றும் யோசிக்கிறேன். தோன்றித்தான் கொடுத்தாரோ, அதுவும் தெரியாது. குசினியில் கட்டிப்பிடித்த பிறகு நிறுத்த ஆள் இல்லாததால் படம் ஓடிக்கொண்டே இருந்தது. இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது. ரயில் நிலையம். பனி. அந்தப் பெண் பெட்டியோடு நிற்கிறாள். தகப்பன் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு சொல்லும் பேசாமல் நிற்கிறார். ரயில் போகிறது. திருப்பிப் போட்டுக் கடிதக் காட்சியைக் கவனித்துக் கேட்டேன். எனக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்துக்கே அது விளங்கியது. மாப்பிள்ளையும் இல்லை, பேச்சுக்காலும் இல்லை. பட்டணத்து நாடகக் கொம்பனி ஒன்று அவளை நடிக்கக் கூப்பிட்டிருக்கிறது.

வேலைக்குத் திரும்பிய முதல் நாள், முனையைக் கையில் கொடுக்கும்போது கேட்டேன். "அக்கா, அந்தப் படம் குசினியோடை முடியேல்லையே." அவர் முனையை விடவில்லை. நானும் விடவில்லை. "எனக்கு அதிலை முடிஞ்சுது" என்றார். பிறகு, "அந்த மனுசன் ஸ்டேசனுக்கு வந்து நிக்கிறதை என்னாலை பாக்கேலாது வசந்தி" என்றார். நான்கு வருடமும் அவர் அந்த மண்டபத்தில் எங்களுக்கு மறைத்தது ஐந்து நிமிடப் படத்தை அல்ல என்று அப்போதுதான் விளங்கியது. டிலானி புறப்பட்ட அன்று காலை பத்து மணிக்குப் பஸ் நிலையத்துக்கு அவர் போகாமல் விட்டதைத்தான் மறைத்தார்.

பிறர் வீட்டு விஷயத்தில் மூக்கை நுழைக்கிற பழக்கம் எனக்கு உண்டு; என் கணவரைக் கேட்டால் விரிவாகச் சொல்லுவார். அடுத்த நத்தாருக்கு முன் டிலானியை அழைத்து, "ஞாயிற்றுக்கிழமை கோவிலிலை படம் போடினம். வா" என்றேன். ஒத்திகை இருக்கிறது என்றாள். "ஒத்திகை எண்டைக்கும் இருக்கும்" என்று கோபத்தில் வைத்துவிட்டேன். அவள் வருவாள் என்று நான் நினைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. முதலாளியின் தலையில் தண்ணீர் ஒழுகுகிற காட்சி. ரெஜினா அக்கா, "இப்ப பாருங்கோ, முதலாளியின்ரை..." என்று தொடங்கியவர் அப்படியே நின்றுவிட்டார். பிள்ளைகள் சிரித்தார்கள். அக்காவின் குரல் வரவில்லை. நான் திரும்பிப் பார்த்தேன். மேற்சட்டைகள் கொழுவியிருந்த மூலையில், தோளில் பனியோடு டிலானி நின்றாள். கதவுக்குப் பக்கத்திலேயே நின்றாள், உள்ளே வரவில்லை.

அக்கா மறுபடி கதையைப் பிடித்தார். நாய் வந்தது, மாமி வந்தாள், சிரிப்பு வந்தது. குசினி வந்தது. தகப்பன் கட்டிப்பிடித்தார். பெண்கள் பழக்கத்தில் கதிரைகளைத் தள்ளிக்கொண்டு தேநீருக்கு எழுந்துவிட்டார்கள். ரெஜினா அக்காவின் கட்டைவிரல் ரிமோட்டில் இருந்தது. அமர்த்திவிட்டால் அந்தப் பிள்ளை வந்த வழியே போய்விடுவாள் என்று நிச்சயமாகத் தெரிந்தது.

"இருங்கோ" என்றார் மைக்கில். "எல்லாரும் இருங்கோ. படம் இன்னும் கிடக்கு."

எழுந்தவர்கள் உட்கார்ந்தார்கள். திரையில் ரயில் நிலையம் வந்தது. சூசையம்மா முகம் மலர்ந்து, "மாப்பிள்ளை ரயிலிலையோ வாறார்?" என்று கேட்டார்.

"மாப்பிள்ளை இல்லை, சூசையம்மா. ஒருநாளும் இருக்கேல்லை. இவ்வளவு வருசமும் நான் பொய் சொன்னனான். அந்தக் கடிதம் நாடகக் கொம்பனியிலை இருந்து வந்தது. பிள்ளை நடிக்கப் போகுது."

டிலானி எங்கே போனாள், ஏன் போனாள் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்ததுதான். திரையில் தகப்பன் தொப்பியைப் பிடித்துக்கொண்டு பேசாமல் நின்றார். ரெஜினா அக்கா அவருக்காகப் பேசினார். "தகப்பன் சொல்லுறார், பிள்ளை, நான் பிழை விட்டிட்டன். அண்டைக்கு நான் வந்திருக்க வேணும். வேலை எண்டது சும்மா. வந்தால் அழுதிடுவன், அழுதால் நீ போகாமல் நிண்டிடுவாய் எண்டு பயந்திட்டன். நீ போ. குளிருக்கு வடிவாப் போத்திக்கொண்டு போ."

முன்னால் இருந்த ஒரு சின்னப் பெண் குழந்தை எழுந்து, "அன்ரி, அவர் வாயே திறக்கேல்லை!" என்று கத்தினாள்.

"வாய் திறக்காட்டிலும் எனக்குக் கேக்குது" என்றார் அக்கா.

திரையில் தகப்பன் நிலையத்துக்கு வந்துதான் நின்றார். வராதது யார் என்று எனக்கும் தெரியும், கதவடியில் நின்றவளுக்கும் தெரியும். ரயில் போனது, எழுத்துகள் ஓடின. யாரும் கை தட்டவில்லை. நான் அழுதேன், மறைக்கவும் இல்லை. சூசையம்மாதான் முதலில் வாய் திறந்தார். "அப்ப நல்லம்தானே. இனி மாப்பிள்ளைக்குப் பாத்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. தேத்தண்ணி வருமோ?" மண்டபம் சிரிப்பில் குலுங்கியது. ரெஜினா அக்கா மைக்கை என் மடியில் போட்டுவிட்டு நேரே கதவடிக்குப் போனார். "ஏன் ஈரச் சப்பாத்தோடை நிக்கிறாய்?" என்பதுதான் அவர் சொன்ன முதல் சொல். "அந்த மனுசன் நல்லாக் கதைச்சார், அம்மா" என்றாள் டிலானி. இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொள்ளவில்லை. தாய் மகளின் தோளில் இருந்த பனியைத் தட்டிக்கொண்டே இருந்தார். பனி முழுவதும் போன பிறகும் தட்டினார்.

அதற்குப் பிறகு வந்த வருடங்கள் நல்ல வருடங்கள். டிலானி படிப்பு முடித்து மொன்றியலுக்கே திரும்பினாள். சின்னச் சின்ன அரங்குகளில் பிரெஞ்சு நாடகங்கள். ரெஜினா அக்காவுக்குப் பொன்ஜூரும் மெர்சியும் தாண்டிப் பிரெஞ்சு இல்லை. இருந்தும் ஒரு நாடகம் விடாமல் போனார், முன்வரிசையில்தான் இருந்தார். விளங்காத நாடகத்துக்கு ஏன் போகிறீர்கள் என்று நான் சீண்டினால், "விளங்கேல்லை எண்டு வீட்டிலை இருந்தால் எண்டைக்குத்தான் விளங்கிறது?" என்பார்.

நாடகம் முடிந்து இருவரும் மெட்ரோவில் வருவார்கள். வீட்டுக்கு இறங்குகிற அக்காடி நிலையம் வரும்வரை தாய் மகளுக்கு அன்றைய நாடகத்தின் கதையைத் தமிழில் சொல்லுவார். ஒரு நாடகத்தில் டிலானி நீதிபதி. அக்காவைப் பொறுத்தவரை அவள் பள்ளிக்கூட அதிபர்; கூண்டில் நின்ற கொலைகாரன் வீட்டுப்பாடம் செய்யாத தடிப்பயல். கொலைகாரனுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தபோது, "ஒரு பாடத்துக்கு இவ்வளவு கண்டிப்புக் கூடாது பிள்ளை" என்று வருத்தப்பட்டாராம். டிலானி ஒருநாளும் திருத்தவில்லை. அதைப் பற்றி நான் கேட்டபோது சொன்னாள்: "எல்லாரும் நல்லா நடிச்சாய் எண்டு சொல்லுவினம், அன்ரி. நாடகம் முடிஞ்ச பிறகு என்ன நடந்தது எண்டு அம்மா மட்டும்தான் சொல்லுவா."

நோய் வந்ததும் அதிகம் இழுக்கவில்லை. கடைசியாக நான் பார்க்கப் போனபோது ரெஜினா அக்கா தலையணையில் சாய்ந்துகொண்டு தாதிப் பெண்ணைப் பற்றி ஒரு முழுக்கதை சொன்னார். அவள் யாரை விரும்புகிறாள், வீட்டில் யார் மறிக்கிறார்கள் என்பதெல்லாம் அதில் இருந்தது. பிரெஞ்சு மட்டும் பேசுகிற அந்தப் பெண்ணுக்கும் அவருக்கும் பொதுவான மொழி ஒன்றுகூட இல்லை. "டிலானிக்கு நான் குறை வைக்கேல்லை, என்ன?" என்று நடுவில் கேட்டார். "இல்லை அக்கா" என்றேன். பொய் சொல்லவில்லை. அவர் தலையாட்டிவிட்டுத் தாதியின் கதைக்குத் திரும்பினார்.

அடக்கம் முடிந்து மூன்றாம் வாரம் டிலானிக்கு ஒரு புதிய நாடகம். முன்பே ஒப்புக்கொண்டது, விட முடியாது. முதல் நாள் அவள் கேட்காமலே நான் போனேன். முன்வரிசையில் இருந்தேன். ஒன்றரை மணி நேரம் ஒரு சொல் விளங்கவில்லை. இரண்டு இடத்தில் எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்து வைத்தேன். பிறகு அவளோடு மெட்ரோவில் ஏறினேன். பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு நிலையம் தாண்டின.

"சொல்லுங்கோ அன்ரி" என்றாள்.

"என்னத்தை?"

"கதையை."

ரெஜினா அக்காவின் துணிச்சல் எனக்குக் கிடையாது. ஆனால் பிள்ளை கேட்டுவிட்டாள். அந்தச் சிவப்புச் சால்வைக்காரி உன்னுடைய தமக்கை என்று தொடங்கினேன். வீட்டை எழுதி வாங்க வந்திருக்கிறாள். நீ மாட்டேன் என்கிறாய். பின்னால் நின்ற உயரமானவன் உனக்கு நல்லது நினைக்கிறவன், ஆனால் சொல்லத் தெரியாதவன். ஒன்றாவது சரியா என்று அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். கன்னம் நனைந்திருந்தது, வாய் சிரித்தது. அக்காடி நிலையம் வந்தது. கதவு திறந்தது, மூடியது. அவள் இறங்கவில்லை.

"பிறகு என்ன நடந்தது, அன்ரி?" என்றாள்.

ரெஜினா அக்காவிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது அந்தக் கேள்விதான். பதில் எனக்குத் தெரியாது. ஆனாலும் சொன்னேன்.